பழச்சாறு தானா வரும்

கால்வாய்த் தெருவின் மூலை ஓட்டலில் பழச்சாறு தம்ளரைவிட்டுத் தானாக எழும்பிக் குடிப்பவரின் வாய்க்கு வந்து சேர்கிறது. அதே தெருவில் இன்னும் சில ஓட்டல்கள் உண்டு. அங்கெல்லாம் தம்ளரைக் கையில் எடுத்துத்தான் குடிக்க வேண்டும். விலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆரஞ்சு நிதானமாக வரும், எலுமிச்சை துள்ளிக்கொண்டு வரும், மாம்பழம் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வரும். தண்ணீர் வராது, டீயும் காபியும் வராது. போர்டில் பழச்சாறு என்றுதான் எழுதியிருக்கிறது, அதற்கு மேல் ஆசைப்பட்டால் யார் என்ன செய்ய முடியும்? இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அந்தத் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிலர் எலுமிச்சையின் ஜாதி என்பார்கள், சிலர் தம்ளரின் ராசி என்பார்கள். நடந்தது என்னவோ இதுதான்.

அந்த ஓட்டலின் கல்லாவில் இருப்பவளைச் சின்னவர் பெரியவர் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த கிழவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் ஏன் என்று கேட்டதில்லை. அவள் புருஷன்தான் அங்கே சமையல் மாஸ்டர். வலது கை குழம்பைக் கிண்டும்போதே இடது கை தாளித்துக்கொண்டிருக்கும், அப்படிப்பட்ட மனுஷன். ஒருநாள் அரிசி மூட்டையோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில், கழுத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் அவர் சொல் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. தலை மட்டும் பழையபடி அவருடையதாகவே இருந்தது. பேச்சு தெளிவு, மூக்கு அதைவிடக் கூர்மை. சமையற்கட்டின் பின்ஜன்னல் ஓரமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, திரும்பிப் பார்க்காமலே, “அங்க வெங்காயம் கருகுது, எவன் பராக்குப் பாக்குறான்?” என்று அதட்டுவார். அவருக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அக்காதான். குடிப்பது மட்டும் அவரே. நெஞ்சுயரத்துக்கு ஒரு மரத்தட்டு பொருத்தி, அதில் தம்ளரை வைத்து, சிவப்புக் கோடு போட்ட ஸ்ட்ராவை வளைத்து வாயோரம் நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். வேண்டும்போது உறிஞ்சுவார், போதும் என்று தோன்றும்போது விட்டுவிடுவார். ஒரு நாளில் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதனாலேயே அதை நல்ல சத்தமாகவும் செய்வார்.

ஜன்னலுக்கு வெளியே கால்வாய். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் கேட்டால்கூட ஸ்ட்ரா போட்டுத்தான் கொடுப்பார்கள், அது ஒரு மரியாதை. குடித்து முடித்த ஸ்ட்ரா குப்பைத்தொட்டிக்குப் போகும், தொட்டியிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து கால்வாய்க்கு. மதகின் வாயில் அவையெல்லாம் வைக்கோல்போர் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். மழை வலுத்தால் போக வழியில்லாத தண்ணீர் திரும்பி வந்து சமையற்கட்டுக்குள் நுழையும். சப்ளையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, “உங்களுக்கு என்ன சார்?” என்பான். அவனுக்கு மைக்செட் என்று பெயர். ஒரு டீ சொன்னால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே கால்வாய்த் தண்ணீரில் ஒரு கொக்கு வந்து நின்றது. புழு என்றோ பாம்புக்குட்டி என்றோ நினைத்துக்கொண்டு ஒரு ஸ்ட்ராவைக் கொத்தி எடுத்தது. அது தொண்டையில் குறுக்காக மாட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி உதறுகிறது. மாஸ்டருக்குக் கையைத் தட்டி விரட்டக்கூட வழியில்லை, கத்தத்தான் முடிந்தது. மைக்செட் துடைப்பத்தோடு ஓடிப் போவதற்குள் கொக்கு ஸ்ட்ராவோடு பறந்துவிட்டது.

“அது என்னோடது,” என்றார் மாஸ்டர்.

“ஊர்ல இருக்கிற ஸ்ட்ரா எல்லாத்துலயும்தான் சிவப்புக் கோடு இருக்கு. உங்களோடதுன்னு பேரா எழுதியிருக்கு?” என்றாள் அக்கா.

“நுனியில கடிச்ச தடம் இருந்துச்சுடி. பாத்தேன்.”

அவருக்கு அவ்வப்போது தாடை கிட்டித்துக்கொள்ளும், அப்போது வாயில் இருப்பதைக் கடித்துவிடுவார். அன்று முழுக்க அவர் எதுவும் குடிக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில், “நம்ம ஓட்டல்ல இனிமே ஸ்ட்ரா வேணாம்,” என்றார்.

“சரி, வர்றவங்களுக்கு நிறுத்திடலாம்.”

“எனக்கும்தான்.”

“அப்புறம் நீங்க எதுல குடிப்பீங்க? என் தலையிலயா?”

“ஊருக்குத்தான்டி உபதேசம்னு நாலு பேர் சிரிப்பான். எல்லாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு?”

“நாலு பேருக்குக் கை இருக்கு, தூக்கிக் குடிச்சுக்குவான். உங்களுக்கு?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடித்தால் குரங்குப்பிடிதான், அது அவளுக்குத் தெரியும். கல்யாணத்தின் முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்ட விஷயம்.

அக்கா வேறு வழி தேடாத இடமில்லை. காகித ஸ்ட்ரா வாங்கினாள். அது பாதியிலேயே நைந்து கூழாகி அவர் தொண்டையில் ஒட்டிக்கொள்ள, இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. எவர்சில்வர் குழல் வாங்கினாள். தாடை கிட்டித்த வேகத்தில் முன்பல் ஒன்று முனை உடைந்தது. மூங்கில் குழலிலும் பல்லுக்கு அதே பயம். ரப்பர் குழலில் குடித்துவிட்டு, “சைக்கிள் ட்யூப்பைக் கரைச்சுக் குடுத்த மாதிரி இருக்கு,” என்றார். மூக்கு வைத்த கிண்ணம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மிஞ்சியது ஸ்பூன். ஸ்பூனால் ஊட்டினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வாய் வாங்குவார், போதும் என்பார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “தண்ணி இறங்கலைன்னா உள்ள கல்லு சேரும், அப்புறம் ஆஸ்பத்திரிதான், சொல்லிட்டேன்,” என்று எச்சரித்துவிட்டுப் போனார். அக்கா ஒரு கட்டுப் பழைய ஸ்ட்ராவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

தெருவுக்கு என்னவோ நல்லதுதான் நடந்தது. அக்கா நிறுத்தினால் நாங்களும் நிறுத்துகிறோம் என்று மற்ற ஓட்டல்காரர்களும் சொன்னார்கள். அவர்களுக்கும் மழைக்காலத்தில் சமையற்கட்டில் தவளை நீந்தியிருக்கிறது. வாசலில் எழுதிப் போட்டுவிட்டால் வருகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கப் பேச வேண்டாமே என்று அக்கா போர்டு எழுதுகிற பெயின்டருக்கு ஃபோன் செய்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. “பழச்சாறு தனியா வரும், ஸ்ட்ரா வராது. அவ்வளவுதான், அழகா எழுதிடு,” என்றாள். மறுநாள் ஓட்டல் திறக்கும்போது பெயின்டர் ஏணியைவிட்டு இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். போர்டில் பச்சை எழுத்தில், ‘பழச்சாறு தானா வரும். ஸ்ட்ரா வராது’ என்று இருந்தது.

“நான் தனியான்னு சொன்னேன்,” என்றாள் அக்கா.

“சொன்னீங்கக்கா, நல்லாவே காதுல விழுந்துச்சு. ஆனா ஓட்டல் வாசல்ல தனியான்னு எழுதினா கொத்தமல்லி விதைன்னுல்ல படிப்பாங்க? பழச்சாறுல தனியா வருதுன்னு தெரிஞ்சா எவன் உள்ள வருவான்? உங்க வியாபாரத்தை நினைச்சுத்தான் தானான்னு திருத்தினேன்.”

“பழச்சாறு எப்படிடா தானா வரும்? அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா?”

“போட்டிருக்கேனேக்கா. தாவுக்கு ஒரு கால், னாவுக்கு ஒரு கால். நீங்க சொன்ன தனியாவுல ஒத்தைக் கால்தான் இருந்துச்சு. நொண்டிக்கிட்டுல்ல வரும்?”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பெயின்ட் காயட்டும், மத்தியானம் வந்து மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். மத்தியானம் மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முதலில் வந்தவள் எதிர்க்கடைத் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப், பல்லுக்கு நடுவே குண்டூசி, மடியில் யாருடைய சட்டையோ. ஆரஞ்சு கேட்டாள். மைக்செட் கொண்டுவந்து வைத்தான். அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், நூலை நடுவில் விட முடியாது. ஆரஞ்சுச் சாறு தம்ளரிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு எழும்பி, பாகுக் கம்பி போல வளைந்து, அவள் உதட்டுக்கு ஒரு நெல்லளவு முன்னால் வந்து நின்றது. அவள் ஒரு கையால் குண்டூசிகளை எடுத்து டேப்பில் குத்திவிட்டு வாயைத் திறந்தாள். உள்ளே போயிற்று. ஒரு சொட்டு மேஜையில் விழவில்லை. பட்டனும் தைத்து முடிந்தது. “சர்க்கரை கொஞ்சம் தூக்கல்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மைக்செட்டுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரல் எழும்பாமல் போயிற்று.

அன்று மாலைக்குள் தெருவே பழகிக்கொண்டது. பழகிக்கொள்ள வேண்டிய விஷயங்களும் இருந்தன. ஓடி விளையாடுகிற குழந்தையின் பின்னாலேயே திராட்சைச் சாறும் மேஜைக்கு மேஜை வளைந்து ஓடியது. தாய்க்காரி, “ஒரு எடத்துல நில்லுடா, அதுக்கு மூச்சு வாங்குது,” என்று அதட்டினாள். ஒரு தம்ளரும் இரண்டு பேருமாக வந்த காதலர்களுக்கு அது நடுவில் கிளை பிரிந்து போயிற்று. சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு புருஷன் பெண்சாதிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அவர்கள் பேசி முடிக்கும்வரை நடுவிலேயே நின்றது. ஒருமுறை முனை மேஜையில் லாரி டிரைவர் ஒருவர் பெரிதாகக் கொட்டாவி விட, பக்கத்து மேஜைக்காரரின் அன்னாசிச் சாறு வழிமாறி அவர் வாய்க்குள் போய்விட்டது.

“என் காசு, என் ஜூஸ், நீ எப்படிய்யா குடிக்கலாம்?”

“நான் எங்கய்யா குடிச்சேன், அது வந்துச்சு!”

“வந்தா? வாய மூடிக்கிட்டு உக்கார வேண்டியதுதானே!”

அக்கா இருவருக்கும் ஆளுக்கொரு தம்ளர் வைத்துச் சண்டையை முடித்தாள். போர்டின் அடியில் ‘கொட்டாவி விடாதீர்’ என்று சின்னதாக ஒரு வரி சேர்க்கவும் சொன்னாள். அந்த வரியில் பெயின்டர் தன் மூளையைக் காட்டவில்லை. மற்ற ஓட்டல்காரர்களும் அவனையே கூப்பிட்டு அதே வாசகத்தை அதே பச்சையில் எழுதிக்கொண்டார்கள். அங்கே பழச்சாறு தம்ளரில் தேமே என்று கிடந்தது. அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தவளை வராமல் போனதே போதும் என்றார்கள். நகராட்சியிலிருந்து ஸ்ட்ரா இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரி, பழச்சாறு எழும்பி வருவதைச் சட்டம் தடுக்கவில்லை என்று கண்டுகொண்டார். ஒன்றுக்கு இரண்டாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஊருக்கெல்லாம் வந்த பழச்சாறு, ஒரே ஒருவருக்கு மட்டும் வரவில்லை.

முதல் நாளே அக்கா ஆசை ஆசையாக மாதுளை உரித்துப் பிழிந்து, பழைய மரத்தட்டில் வைத்து, மாஸ்டர் முன்னால் நிறுத்தினாள். இருவரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. இடம் சரியில்லையோ என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கூடத்தில், போர்டுக்கு நேர் கீழே நிறுத்தினாள். வரவில்லை. தம்ளரை மாற்றிப் பார்த்தாள். வாயருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் பழச்சாறையே திட்டினாள். “போறவன் வர்றவனுக்கெல்லாம் குழைஞ்சுக்கிட்டுப் போறே. உன்னை வச்சுக் காப்பாத்துற மனுஷன் வாய் மட்டும் உனக்குத் தெரியலையா?” மாஸ்டர் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தார். தள்ளுவண்டிக்காரன், தையல்காரம்மா என்று சுற்றியிருந்தவர்கள் மெல்ல மெல்ல வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. “விடுடி. ஸ்பூனை எடு,” என்றார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது. வேண்டாம் என்று அடம்பிடிக்கிற மனுஷன் தன் வாயாலேயே ஸ்பூனைக் கேட்கிறாரே.

அடுத்த நாள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒளித்து வைத்த ஸ்ட்ராவை எடுத்துவந்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயை இறுக்க மூடிக்கொண்டார். இந்தத் தடவை தாடை தானாகக் கிட்டித்தது அல்ல. அதற்கப்புறம் வெயில்காலம் வந்தது. ஓட்டலில் கூட்டம் நெரிந்தது. சாறு எல்லாம் கூடத்தில் நூல்நூலாகப் பறந்துகொண்டிருக்க, பின்ஜன்னலில் மாஸ்டரின் உதடு வெடித்துத் தோல் உரிந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்தபடியே, இன்றைக்கு எத்தனை வாய் இறங்கியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பகல் வேளையில் பெயின்டர் திராட்சைச் சாறு குடிக்க வந்தான். வேறு ஆளாக இருந்தால் தன் கைவண்ணம் என்று மீசையை முறுக்கியிருப்பான். இவன் எல்லாரையும் போலக் காசு கொடுத்தான், வாயைத் திறந்தான். அக்கா கல்லாவைவிட்டு எழுந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“உன் போர்டு எல்லாருக்கும் வேலை செய்யுது. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன்டா செய்யல?”

அவன் குடித்து முடித்தான். “மாஸ்டர் என்ன ஆர்டர் குடுத்தாரு?”

“ஆர்டரா? அவரு எதுக்கு ஆர்டர் குடுக்கணும்? நான்தான் வேளாவேளைக்குக் கொண்டுபோய் வைக்கிறேனே.”

“அதான் கேக்குறேன். நான் எழுதினது ஓட்டல் போர்டு அக்கா. ஓட்டல்ல யாராவது கேட்டாத்தானே எதுவும் வரும்? கேக்காம வர்றது பில்லு மட்டும்தான்.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. எழுந்தவள் கல்லாவுக்குப் போகாமல் நேரே சமையற்கட்டுக்குள் போனாள். ஜன்னலோரம் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள். ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வார்த்தைதான் அது. தூக்கத்தில் எழுப்பினாலும் அவளுக்கு வரும். அதைத் தன் புருஷனிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. எழுந்து நடந்த காலத்தில் அவரே ஊருக்குச் சமைத்தார், அதனால் கேட்கவில்லை. விழுந்த பிறகு எது நல்லது என்று அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஈரம் எதுவும் இல்லை.

“என்ன சாப்பிடுறீங்க?” என்றாள்.

மாஸ்டர் திரும்பினார். “என்னடி புதுசா?”

“கேக்குறேன்ல. சொல்லுங்க.”

கேலி செய்கிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. வெகுநேரம் யோசித்தார். கேட்டுப் பழக்கமில்லாதவருக்குச் சொல்லவும் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா?

“லைம்,” என்றார். “உப்புப் போட்டு. சர்க்கரை வேணாம்.”

“மாதுளை?”

“மாதுளை எனக்குப் பிடிக்காது.”

“பிடிக்காதா? இத்தனை வருஷமா மடக்மடக்குனு குடிச்சீங்களே!”

“நீ அதை ஒண்ணொண்ணா உரிச்சு, விரலெல்லாம் கறையாக்கிக்கிட்டுக் கொண்டுவந்து வைப்பே. எப்படிடி வேணாம்கிறது?”

அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணில் கறை இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டே கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். “ஒரு லைம், உப்பு!” மைக்செட் வழக்கம்போல அதைத் தெருக்கோடிக்கும் சேர்த்து எடுத்துச் சொன்னான். எந்த மேஜை என்று கேட்க எட்டிப் பார்த்தவன், விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, எலுமிச்சையைத் தானே பிழிந்து எடுத்துவந்து மரத்தட்டில் வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றான்.

எலுமிச்சைச் சாறு எழும்பியது. மற்றவர்களிடம் துள்ளுகிற துள்ளல் இல்லை, புது வீட்டுக்குள் நுழைகிற மாதிரி மெதுவாக வந்தது. உதட்டை நெருங்கும் நேரம் பார்த்து அவருக்குத் தாடை கிட்டித்துக்கொண்டது. அக்கா பதறி முன்னால் ஓர் அடி வைத்தாள். சாறு பதறவில்லை. ஒரு விரற்கடைத் தூரத்தில், காற்றில், அப்படியே நின்றது. அவர் கன்னத்துச் சதை துடித்து அடங்கும்வரை நின்றது. பல் விலகியதும் உள்ளே போனது. அவருடைய தொண்டை முடிச்சு ஏறி இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பாதியில் அவர் வாயை மூடினார். மிச்சம் தம்ளருக்குத் திரும்பிப் போய்க் காத்திருந்தது. அவர் நிதானமாக ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி வாயைத் திறந்தார். தம்ளர் காலியானது. “உப்பு கம்மி,” என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு எலுமிச்சை எடுத்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. டாக்டரம்மா பயந்த கல் சேரவில்லை. மதகில் தண்ணீர் தங்கு தடையில்லாமல் போனது. போர்டின் பச்சை இரண்டுமுறை வெளுத்தது, பெயின்டர் எழுத்தின் மேல் எழுத்தாகவே திரும்ப வரைந்தான், ஒரு கால்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாஸ்டர் ஜன்னலைவிட்டுக் கூடத்துக்கு, கல்லாவுக்குப் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டார். அங்கிருந்தபடி சமையலையும் அதட்டலாம், வருகிறவர்களோடும் வம்பளக்கலாம். ஆர்டர் கொடுப்பதில் அவரைப் போலப் பிடுங்கல்காரர் அந்தத் தெருவிலேயே கிடையாது. லைம் என்பார், பிழிந்த பிறகு ஆரஞ்சு என்பார், ஐஸ் ஏன் போட்டே என்பார். “ஊரையே சமாளிச்சிடலாம், இந்த ஒரு ஆளைச் சமாளிக்க முடியலப்பா,” என்று அக்கா எல்லாரிடமும் அலுத்துக்கொள்வாள். அலுப்பு என்று யாரும் அதை நம்பியதில்லை.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் பையோடு வந்து ஆரஞ்சு கேட்டார். அது எழும்பியதைப் பார்த்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். “வாயத் திறங்க சார், சட்டையில கொட்டிடப் போகுது,” என்று மைக்செட் சொன்னதும் திறந்தார். குடித்து முடித்ததும் கல்லாவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, எப்பலேர்ந்து இந்த அதிசயம்?”

அக்கா பக்கத்து மேஜையைப் பார்த்தாள். மாஸ்டர் பழக்கூடையை நோக்கிப் புருவத்தைச் சுருக்கி, வெகு தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

“நான் கேக்க ஆரம்பிச்சதுலேர்ந்துங்க,” என்றாள் அக்கா. “இப்பல்லாம் அவரே வாயத் திறந்து சொல்லிடுறாரு. இன்னிக்கு அன்னாசி வேணும்பாரு போலிருக்கு.”